இரண்டு லுஃப்ட்

டோருன் ஹெக்ரெனெஸ் எங்கள் ஃபுளோரோ அலுவலகத்தில் சி மொழியில் நிரல் எழுதினாள். வாய் நீளம், வேலை சுத்தம். பெயர் வைப்பதில் மட்டும் சோம்பேறி. அதில் நாங்கள் எல்லோருமே அப்படித்தான். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனோ குழாயில் ஓடும் காற்றோ, நார்வேக்காரன் வாயில் எல்லாம் 'லுஃப்ட்'.

அஸ்பியோர்னின் சால்மன் குஞ்சுப் பண்ணைக்கு நாங்கள் ஒரு பெட்டி செய்து கொடுத்திருந்தோம். தொட்டியில் ஆக்சிஜன் குறைந்தால் அதுவே வால்வைத் திறக்கும். ஈஸ்டர் சமயத்தில் பனிச்சரிவு விழுந்து சாலை மூடிவிட்டது. பண்ணையில் ஆளில்லை. வீட்டில் மாட்டிக்கொண்ட அஸ்பியோர்னால், தொலைபேசி இணைப்பு வழியாகக் கணினியில் ஆக்சிஜன் அளவை மட்டும் பார்க்க முடிந்தது. அந்தப் பெருமையில் எங்களை அழைத்தார்.

"உன் பெட்டி ஜோரா ஓடுதும்மா. ஆக்சிஜன் ஒன்பதுக்குக் கீழ இறங்கவே இல்ல. தீவனம் ஊதுறப்ப இன்னும் ஏறுது. சாப்பாட்டப் பாத்தா குஞ்சுங்களுக்கு அவ்வளவு சந்தோஷம் போல."

டோருன் சிரிக்கவில்லை. "ஏறுதா? திங்கிற மீன் மூச்ச அதிகமா இழுக்கும். இறங்கத்தானே வேணும்?"

இரண்டு கோப்புகளைத் திறந்தாள். ஆக்சிஜனுக்கு அவள் எழுதியது ஒன்று. தீவனம் ஊதும் காற்றழுத்தத்துக்கு எங்களோடு வேலை பார்க்கும் எய்லிஃப் எழுதியது இன்னொன்று. இரண்டின் தலையிலும், அளவைப் போட்டு வைக்க 'லுஃப்ட்' என்ற பெயரிலேயே ஒரு மாறி. அவரவர் கோப்போடு நின்றுவிடும் என்று இருவரும் நம்பியிருந்தார்கள். அப்படி நிற்க வேண்டுமானால் முன்னால் 'ஸ்டாட்டிக்' என்று எழுத வேண்டும். இருவருமே எழுதவில்லை. கோப்புகளைச் சேர்த்துக் கட்டும் பாழாய்ப்போன நிரல், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இரண்டையும் ஒரே இடமாக்கிவிட்டது. ஆக்சிஜன் அளவின் மேல் காற்றழுத்தம் ஏறி உட்கார்ந்திருந்தது. குறைவே தெரியாதபோது வால்வு எப்படித் திறக்கும்?

"அது ஆக்சிஜன் இல்லங்க, அஸ்பியோர்ன். எங்க தப்பு. ஓடைத் தண்ணி தொட்டிக்கு வருதா?"

"சரிவு ஓடையையும் அமுக்கியிருக்கும்."

"கையால திறக்கிற வால்வு?"

"உள்ள இருக்கு. படகும் போகாது, ஃபியோர்டுல கடல்தண்ணி உறைஞ்சு கிடக்கு. ஹெலிகாப்டர் கேட்டேன்னா காத்து அடங்கட்டும்பான்."

கேட்டுப் பார்த்தார். அதையேதான் சொன்னார்கள்.

டோருன் 'ஸ்டாட்டிக்' என்ற அந்த ஒரு சொல்லை இரண்டு கோப்பிலும் சேர்த்து, புதுச் சிப்பில் ஏற்றி மேசையில் வைத்தாள். அதைப் பண்ணைக்குக் கொண்டுபோக வழியில்லை. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

சாலை திறந்ததும் அஸ்பியோர்ன் பண்ணையிலிருந்து பேசினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"எல்லாம் மிதக்குதும்மா. பெட்டி இன்னும் தீவனம் ஊதிக்கிட்டே இருக்கு. நிறுத்திடவா?"