பிலார் கேட்ட கேள்வி

பிற்பகல் மூன்றரை மணிக்குச் செய்தி வந்தது. சௌந்தரம் கடலூர் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். செம்பியன்தான் சிதம்பரத்திலிருந்து பேசினான். அவனும் அவள் கணவர் ராஜவேலைப் போல வாடகைக் கார் ஓட்டுபவன். "அண்ணி, அண்ணன் வண்டியில ஒக்காந்தபடியே..." என்றான். அதற்குமேல் அந்தச் சொல் அவன் வாயில் வரவில்லை. வராது என்று அவளுக்குத் தெரியும். இந்தப் பக்கத்து ஆட்கள் சாவை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ராஜவேலும் அப்படித்தான் இருந்தார், பிலார் வருகிற வரைக்கும்.

வரலாறு பி.ஏ. படித்துவிட்டு ஸ்டியரிங் பிடித்தவர் ராஜவேல். புதுச்சேரியில் இறங்கும் ஸ்பானியப் பயணிகளைச் சிதம்பரம் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வருவார். போகிற வழியெல்லாம் பேச்சுக் கொடுத்தே அவர்கள் மொழியைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு விலை, எவ்வளவு தூரம், கழிப்பறை எங்கே, இதில் காரம் உண்டா என்று அவர்கள் கேட்பதை லாட்ஜிலும் கடையிலும் தமிழில் கேட்டுச் சொல்வார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு சித்திரை வெயிலில் பிலார் என்ற பெண்மணியின் கணவர் சிதம்பரத்தில் மயங்கி விழுந்தார். தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். பிலாருக்கு ஆங்கிலம் வராது. கைப்பேசியிலும் சார்ஜ் இல்லை. தமிழ் தெரியாத வடநாட்டு டாக்டருக்கும் அவளுக்கும் நடுவில் ராஜவேல் ஒருவர்தான். இட்லி கட்டிக்கொண்டு பஸ் பிடித்துப் போயிருந்த சௌந்தரமும் கட்டிலோரம் நின்றாள்.

பிலார் என்னவோ கேட்டாள். ராஜவேல் அதை டாக்டரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். டாக்டர், "ஃபைவ் டேஸ்" என்றார். ராஜவேல் பிலாரிடம் திரும்பி, "சிங்கோ தியாஸ்" என்று சந்தோஷமாகச் சொன்னார். பிலார் சுவரைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் ரத்தமே இல்லை.

சௌந்தரத்துக்கு ஏதோ தட்டியது. கணவரை வராந்தாவுக்கு இழுத்து வந்தாள்.

"அந்தம்மா என்னா கேட்டுச்சி?"

"அவரு செத்துடுவாரான்னு."

"நீங்க என்னா கேட்டீங்க?"

"எப்ப ரூமுக்குக் கூட்டிப் போலாம்னு. படுத்துக் கெடக்கற மனுசன வச்சிக்கிட்டு அதையா கேக்கறது?"

"அஞ்சு நாள்னு சொல்லிட்டு வந்துருக்கீங்க. அது என்னான்னு நெனச்சிருக்கும்?"

 ராஜவேல் உள்ளே ஓடினார்.

கையையும் தலையையும் ஆட்டி, ஐந்து நாளில் ரூமுக்கு, ரூமுக்கு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிலார் நம்பவில்லை. அதே கேள்வியை இன்னொரு முறை கேட்டாள். இம்முறை ராஜவேல் தரையைப் பார்த்துக்கொண்டு, சொல் மாற்றாமல், டாக்டரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அவர் இறந்துவிடுவாரா? டாக்டர் சிரித்துவிட்டார். சேச்சே, வெயிலும் வயிற்றுப்போக்கும்தான், நன்றாக ஆகிவிடும் என்றார். அதைக் கேட்ட பிலார் ராஜவேலின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு, சௌந்தரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். இட்லியையும் அவள்தான் தின்றாள்.

சொன்ன நாளில் அவர்கள் கிளம்பினார்கள். அதன்பிறகு பொங்கல்தோறும் பிலாரிடமிருந்து வாழ்த்து வரும்.

ராஜவேல் மற்ற டிரைவர்களுக்கு வாட்ஸப் குழு ஒன்று தொடங்கினார். முதலில் ஸ்பானியக் கேள்வி, அடுத்து அதற்குத் தமிழ். சின்னச் சின்னதாகத் தன் குரலிலேயே பதிந்து அனுப்புவார். "அவுங்க என்னா கேக்கறாங்களோ அதையே கேளுங்கடா. நீங்களா நல்லதா மாத்தாதீங்க" என்பது அவர் போட்ட ஒரே சட்டம். சமையற்கட்டில் நின்றபடி கேட்டுக் கேட்டு சௌந்தரத்துக்கே பாதி மனப்பாடம். நல்ல வருஷங்கள் அவை.

கருமாதி முடிந்தபின் செம்பியன் அவர் கடைசியாக அனுப்பியதைப் போட்டுக் காட்டினான். அவர் இறந்த அன்று காலை கோயில் வாசலில் பதிந்தது. "தோந்தே தெஹோ லோஸ் சபாத்தோஸ்" என்று நிதானமாகச் சொல்கிறார். செருப்பை எங்கே விடுவது என்று அர்த்தம். பின்னால் ஒரு பஸ் ஹாரன். "இருங்கடா, வண்டிக்கு ஆளு வந்துட்டாங்க" என்கிறார். அதற்கான தமிழை அவர் அனுப்பவில்லை.