நாகமணி ஓட்டியின் சிலை

காஞ்சிபுரத்துக்காரர்கள் தண்ணீரை மிச்சம் வைக்கிறார்கள். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் எனக்கு இது பழகவில்லை. நான் வேலை செய்யும் பட்டுக்கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் ஒரு பாட்டில் தண்ணீர். இரண்டு மிடறு குடித்துவிட்டுப் போவார்கள். மீதியை வாசலில் கொட்டுவது தேவகியின் வேலை. நான் புடவை மடிப்பதுபோலத் திரும்பிக்கொள்வேன். "தண்ணிக்குக்கூட மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு இருக்குது பாரு, சிலோன் அக்கா" என்பாள்.

வெளிநாட்டில் பள்ளி விடுமுறை விட்டால் நம்மவர்கள் கூறைப்புடவை எடுக்க வருவார்கள். "உங்க ஆளுங்க வந்துக்கினு இருக்காங்க, போக்கா" என்று கடையில் என்னைத் தள்ளிவிடுவார்கள். போன மாதம் வந்தவர் கனடாக்காரி, மகளுக்குக் கல்யாணம். நான் வாய் திறந்ததுமே பிடித்துவிட்டார்.

"நீங்கள் எங்கட தீவெல்லே? ஆற்றை மகள்?"

யாருடைய மகள் என்று சொன்னேன். அவர் கண் நிறைந்துவிட்டது. "உங்களையும் எங்கட அப்பாதான் கொண்டந்தவர்!"

யுத்தகாலத்தில் அகதிகளை வள்ளத்தில் ஏற்றி வந்த நாகமணி ஓட்டியின் மகள். போனில் படம் காட்டினார். ஊர் இறங்குதுறையில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். கை இந்தியாவை நோக்கி நீண்டிருக்கிறது.

எங்கள் தீவில் பெரிய மனிதர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. விஷக்கடிப் பரியாரியார் கை வைத்த ஆள் பிழைத்தால், பரியாரியார் கெட்டிக்காரர்; செத்தால் அவன் விதி. கூத்து அண்ணாவியார் ராசா வேடம் கட்டி அழுதால் ஊரே அழும். வீட்டில் மனைவியை மாட்டுக் கயிற்றால் அடிப்பார். நாகமணியின் பெருமையும் அந்த ரகம்தான்.

அந்தக் கையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். விடியுமுன் முழங்கால் தண்ணீரில் எங்களை இறக்கிவிட்டு, இதே போலத்தான் நீட்டினார். "அந்தா தெரியுது இந்தியா. நடவுங்கோ." வெளிச்சம் வந்தபோது சுற்றிலும் கடல். நாங்கள் நின்றது ஒரு மணல் திட்டு. எங்கள் தண்ணீர்க் கலன் வள்ளத்தோடு போய்விட்டது. அம்மா சேலைத் தலைப்பைக் கடலில் நனைத்துத் தம்பி செல்வனின் தலையில் போட்டார். அவன் அதை இழுத்துச் சூப்பினான். நாலு வயது. மீனவர்கள் வந்து எங்களை ஏற்றியபோது அவனை மணலுக்குள் வைத்து முடித்திருந்தோம்.

"உங்கட அப்பா எங்களை இந்தியாவில இறக்கேல்லை. திட்டில விட்டவர். என்ர தம்பி அங்க செத்தவன்" என்றேன்.

அவர் சரிகையைத் தடவினார். "அது விதி, தங்கச்சி. அப்பா எத்தினை பேரைக் காப்பாத்தினவர். அந்த அரக்கு நிறத்தை விரியுங்கோ, பாப்பம்."

தேவகி என் காதருகே குனிந்தாள். "இன்னாக்கா, ரேட்டு கம்மி பண்ணச் சொல்றாங்களா?"

ஆமாம் என்றேன்.

புடவையை எடுத்தார். என்னைப் பக்கத்தில் நிறுத்திப் படமும் எடுத்தார். மறுநாள் அது ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கூறையின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். கீழே, "அப்பா கரை சேர்த்தவர்களில் ஒருவர்." கும்பிட்ட கைகள் வரிசையாக விழுந்தன. நடுவில் ஒரே ஒருவர் கேட்டிருந்தார்: "இவவுக்கு ஒரு தம்பி இருந்தவனெல்லே?"

"அவனும் இந்தியாவிலதான் இருப்பான்" என்று இன்னொருவர் பதில் போட்டிருந்தார்.

இல்லை, ஊரவர்களே. அவன் இங்கே வந்து சேரவில்லை. அங்கேயும் இல்லை. உங்கள் சிலையின் விரல் நீளும் திசையில், பாதி வழியில் கிடக்கிறான்.