ஏரியை வீடியோ எடுக்கப் போனவர்

பூலாம்பாடி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே சலூன் வைத்திருக்கும் மாயவனுக்குக் கட்சி என்றால் உயிர். கடை டிவியில் அவர் கட்சிக்காரர்களின் சேனல் மட்டும்தான் ஓடும். "மத்ததப் பாத்தா பிரஷர் ஏறுது" என்பார்.

அன்று காலை ஷேவிங்குக்கு வந்த கோகுலகிருஷ்ணன் எதிர்க்கட்சி. ஆனாலும் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. மாயவன் கழுத்தில் கத்தியை வைத்ததும் கோகுலகிருஷ்ணன் ரிமோட்டை எடுத்துச் சேனலை மாற்றினார். திரையில் அவர்கள் ஊர் ஏரி. ஆளும் மாயவன் கட்சி தூர் வாரியதாகச் சொன்னது பொய், ஒரு கூடை மண்கூட அள்ளவில்லை என்றது செய்தி.

"மாத்து."

"ஏன், கேக்கக்கூடாதா?"

கழுத்தோரம் ஒரு சொட்டு ரத்தம் துளிர்த்தது. இருவரும் அதைக் கண்ணாடியில் பார்த்தார்கள். மாயவன் கத்தியை மடக்கி வைத்துவிட்டுப் படிகாரத்தை நீட்டினார்.

"எந்திரிச்சுப் போயிடு. இதுக்கு மேல என்ன ஆவும்னு எனக்கே தெரியல."

கடையைச் சாத்திவிட்டு மொபெட்டில் நேராக ஏரிக்குப் போனார். வீடியோ எடுத்துக் கட்சி குரூப்பில் போட்டு அந்தச் சேனலை நாறடிக்க வேண்டும். ரோட்டோரம் தூர் வாரும் பணி என்று போர்டு வைத்த இடத்தில் நன்றாகத்தான் வெட்டியிருந்தார்கள். "வெட்டலன்னு சொன்னானுவளே, பாருங்க" என்று பேசிக்கொண்டே கரைமேல் நடந்தவருக்குச் சற்று தூரத்தில் பேச்சு நின்றுபோனது. அங்கிருந்து கண்ணுக்கெட்டிய வரை சீமைக்கருவேலம் அப்படியே நின்றது.

அப்போதும் கோபம் கோகுலகிருஷ்ணன் மேல்தான் வந்தது. ஆனாலும் போனை மரங்கள் பக்கம் திருப்பிப் பேசினார். "கொஞ்சம் வெட்டியிருக்கு. மீதி அப்படியே கெடக்கு. அவங்க சொன்னதும் சரியில்ல, நாம சொன்னதும் சரியில்ல."

குரூப்பில் போட்ட ஐந்தாவது நிமிஷம் அவரை நீக்கினார்கள். மத்தியானத்துக்குள் "மீதி அப்படியே கெடக்கு" என்ற துண்டு மட்டும் எதிர்க்கட்சி குரூப்புகளில் சுற்றியது.

கிளைச் செயலாளர் பிச்சைமுத்து போன் செய்தார். "எப்ப அந்தப் பக்கம் போன?"

"எங்கயும் போவலண்ணே. ஏரிக்குத்தான் போனேன்."

"அது பழைய வீடியோன்னு சொல்லிடு. இல்லன்னா நம்ம ஆளுங்க ஒருத்தன் கடைக்கு வர மாட்டான்."

"நீங்களும் ஒருதடவ வந்து பாருங்கண்ணே."

லைன் கட்டானது. சொன்னபடியே அந்த வாரம் அவர்கள் யாரும் வரவில்லை.

சனிக்கிழமை கோகுலகிருஷ்ணன் வந்து வாசலிலேயே நின்றார். "எங்க ஆளுங்க உன் வீடியோவ வெட்டித்தான் போட்டிருக்கானுவ. முழுசா அனுப்பு, எங்க குரூப்ல நான் போடுறேன்."

"உன்னையும் தூக்கிடுவாங்க."

"தெரியும்."

மாயவன் அனுப்பி நாலு நாளாகிறது. கோகுலகிருஷ்ணன் இன்னும் அதைப் போடவில்லை. மாயவனும் கேட்கவில்லை.