சாராவிடம் யார் கேட்டது?

அண்ணியின் மரணச் செய்தி எனக்கு இத்தாலிய மொழியில்தான் வந்தது. பொலித்தேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் படிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அண்ணி வேலை செய்த வீட்டு அம்மா, சின்யோரா. "ஜசிந்தா சமையலறையில் விழுந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குள் முடிந்துவிட்டது" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஈரப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாலைக்குள் பலெர்மோவிலுள்ள எங்கள் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அவருடைய படம் வந்துவிட்டது. 'அமைதியின் உருவம்', 'அதிர்ந்து பேசாதவர்' என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். எழுதியவர்களில் பலர் ஆறு வருடங்களாக அவரோடு ஒரு வார்த்தை கதைக்காதவர்கள். அப்படி ஆக்கிவைத்தவன் நான். அதனால் இதை நான்தான் எழுத வேண்டும்.

திருமதி ஜசிந்தா என் தமையனாரின் மனைவி. மன்னார்க் கரையில் பிறந்தவர். போரின் கடைசி ஆண்டுகளில் நாங்கள் வன்னியில் ஒரே வளவில் இருந்தோம். இயக்கம் வீடு வீடாக வந்து சண்டைக்குப் பிள்ளைகளைக் கேட்ட காலம். அவருடைய ஒரே மகன் றொஷானுக்குப் பதினாறு வயது. ஒரு விடியற்காலை அண்ணி நிவாரண வரிசைக்குப் போயிருந்த நேரம் வந்தார்கள். அண்ணர் மறுக்கவில்லை. நானும் முற்றத்தில் நின்றேன். அண்ணி திரும்பி வந்து பிள்ளையைத் தேடியபோது அண்ணர், "அவன் தானாத்தான் போனவன்" என்றார். அண்ணி என்னைப் பார்த்தார். "ஓம் அண்ணி" என்றேன்.

றொஷான் திரும்பி வரவில்லை. அண்ணர் அகதி முகாமில் காய்ச்சலில் இறந்துபோனார். சில வருடங்களின் பின் அண்ணி பலெர்மோ வந்து, சீசா பகுதியில் நாங்கள் இருந்த கட்டடத்திலேயே ஓர் அறை எடுத்தார்.

முதல் பெர்மெசோ, அதாவது வதிவிட அனுமதி, கைக்கு வந்த மாதமே அந்த வேலை கிடைத்தது. சின்யோரா ஒரு யூத விதவை. இந்த நகரத்தில் அவருடைய ஆட்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். மோசேயின் ஐந்து நூல்களையும் அவர்கள் வாரத்துக்கு ஒரு பகுதியாக வாசித்து, ஒரு வருடத்தில் முடித்து, மறுபடி தொடங்குவார்கள். சின்யோராவுக்குக் கண் மங்கிவிட்டதால் வெள்ளிக்கிழமைகளில் அண்ணிதான் வாசித்துக் காட்ட வேண்டும். முதல் நாள் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாராம். "மூடி வைக்க இது மருந்துப் பெட்டிக்குள் வரும் தாள் இல்லை. கேள்வி கேள். பதில் தெரிந்த கேள்வியைக் கொண்டுவராதே" என்றாராம் சின்யோரா.

அண்ணி கேட்கத் தொடங்கினார். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது எனக்கும் சொல்வார். "நோவா அயலட்டைச் சனத்துக்காக ஏன் ஒரு வார்த்தை கதைக்கேல்லை?" "ஆத்துக்கை குழந்தை மோசே கிடந்த கூடையைப் போய் எடுத்தது இளவரசியில்லைத் தம்பி, வேலைக்காரி. அவளின்ரை பேர் ஏன் எழுதேல்லை?" சொல்லிவிட்டுச் சிரிப்பார். வன்னிக்குப் பிறகு நான் கண்ட முதல் சிரிப்பு அது.

ஆபிரகாம் மகனைப் பலியிடக் கூட்டிப்போகும் பகுதி வந்த கிழமை அவர் சிரிக்கவில்லை. பாதி வாசிப்பில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாராம். சின்யோரா கூப்பிடாமல் காத்திருந்தாராம்.

"அடுத்த கிழமைப் பகுதிக்குப் பேர் 'சாராவின் வாழ்வு' தம்பி. அந்தப் பிள்ளையின்ரை தாய். ஆனா துவங்கிறதே அவள் செத்துப்போனாள் எண்டுதான். மகனுக்கு நடந்ததைக் கேள்விப்பட்டுத்தான் செத்தவள் எண்டு சொல்லுறவையும் இருக்கினமாம்" என்றார். நான் பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

போர்கோ வெக்கியோ பகுதியில் எங்கள் செபக்கூட்டத்தை அப்போது நான்தான் நடத்தினேன். அந்த ஞாயிறு அண்ணி எழுந்து நின்றார்.

"ஆபிரகாம் விடிய வெள்ளன எழும்பிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவர். சாராவிட்டை ஆரும் கேட்டவையோ?"

"அது விசுவாசத்துக்கு வைச்ச சோதனை அக்கா" என்றார் ஒருவர்.

"சோதனை ஆபிரகாமுக்கு. சரி. கூட ரெண்டு வேலைக்காரரும் போனவை எல்லோ? அவை திரும்பி வந்து தாய்க்கு என்ன சொன்னவை?"

அவர் என்னைப் பார்க்கவேயில்லை. பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த நாள் மாடிப்படியில் அவரை மறித்தேன். "அண்ணி, கொஞ்ச நாளைக்குக் கூட்டத்துக்கு வராதேங்கோ. சனம் குழம்புது. யூதற்றை கேள்வியளை இஞ்சை கொண்டு வரக்கூடாது."

"அது யூதற்றை கேள்வியில்லைத் தம்பி. என்ரை கேள்வி."

அதன்பின் அவர் வரவில்லை. ஏன் என்று மற்றவர்கள் கேட்டபோது, அண்ணி மதம் மாறப் பார்க்கிறார் போலிருக்கிறது என்றேன். அது பொய். ஞாயிறு பூசையில் கோவிலின் கடைசி வரிசை வாங்கில் சாகும்வரை இருந்தவர் அவர். ஆனால் என் பொய் போதுமானதாக இருந்தது. அவருக்குப் பக்கத்து இடம் எப்போதும் வெறுமையாகவே கிடந்தது.

அடக்கத்துக்கு எல்லோரும் மாலையோடு வந்தார்கள். சின்யோராவும் டாக்ஸியில் வந்து, தடியை ஊன்றிக்கொண்டு வெயிலில் நின்றார். முடிந்ததும் என் கையைப் பிடித்தார்.

"அந்த வேலைக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொரு வருடமும் கேட்பாள். நூலில் இல்லை என்பேன். 'அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும் சின்யோரா. உண்மையை எப்போது சொல்வார்கள் என்பதுதான் தெரியாது' என்பாள். உனக்கு அது விளங்குகிறதா?"

விளங்கவில்லை என்று தலையாட்டினேன். அவரிடமும் பொய்.

எல்லோரும் போனபின் தனியே நின்றேன். கல் இன்னும் வைக்கவில்லை. ஈர மண்ணில் ஒரு மரச்சிலுவை, அதில் அவருடைய பெயரை இத்தாலியர் பிழையாக எழுதியிருந்தார்கள். அங்கே சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அண்ணி, அவன் தானாப் போகேல்லை. வளவு வாசல் படலையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, "அம்மா வரட்டும், அம்மா வரட்டும்" எண்டு நிண்டவன். அவன்ரை விரலைப் படலையிலையிருந்து கழட்டிவிட்டது நான்.

போயிட்டு வாங்கோ அண்ணி.