உரசும் சக்கரம்

மகளின் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன். பிடியை விட்டும் விலகாத பிரேக் கட்டை ரிம்மில் உரச, ரப்பர் வாசனை கிளம்பியது.

எறையூர் சர்க்கரை ஆலையில் வேலை முடிந்து சைக்கிளில் வரும் அப்பாவோடு இதே வாசனையும் வரும். "மிதிக்கவே முடியல புள்ள, வயசாயிடுச்சு" என்பார் அம்மாவிடம். ஒருநாள் அம்மா பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினாள். அரைச் சுற்றிலேயே நின்றது.

"வயசு இல்லீங்க, பிரேக்குதான் புடிச்சிருக்கு."

பிரேக்கில் ஒட்டி இறுகியிருந்த ஆலைக் கரும்புப் பாகை வெந்நீரில் கழுவி, அதன் மூட்டில் எண்ணெய் விட்டாள். சக்கரம் தடையில்லாமல் ஓடியது. அப்பா சிரித்தார்.

மறுநாளும் வழக்கம்போலத் தாமதமாகத்தான் வந்தார்.

"இன்னும் புடிக்குதாங்க?"

"இல்ல, நல்லா ஓடுது" என்றபடி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

துடைத்து எண்ணெய் விட்டதும் மகளின் சக்கரமும் நன்றாக ஓடுகிறது. தரையிலிருந்து என்னைத் தூக்கிவிடச் சொல்லி அவளிடம் கை நீட்டினேன்.