தவளைத் தட்டு

அன்று மொட்டை மாடியில் இருந்தவர்கள் அம்மா, அப்பா, மாமா, அத்தை, நான். பக்கத்து மாடியில், கொடியில் காய்ந்த துணியை எடுக்க வந்த பாய் வீட்டு அக்கா. அவ்வளவு பேர்தான். இதை முதலிலேயே எழுதிவிடுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் தாங்களும் அன்று அங்கே இருந்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையிலேயே இருந்திருந்தால் அவர்களில் ஒருவருக்காவது அம்மாவின் காலைப் பார்க்கத் தோன்றியிருக்குமே என்று எனக்கு ஒரு நப்பாசை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். அவர்கள் யாரும் இல்லை.

மாமா என்பவர் அம்மாவின் தம்பி. சென்னையில் ஒரு வசதியான வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டு அம்மா உடம்பு இளைக்க வேண்டும் என்று ஒரு சின்ன ட்ராம்போலின் வாங்கி, கொஞ்ச நாள் குதித்துவிட்டு, பிறகு அதன்மேல் துணி போட்டு வைத்திருந்தாராம். மாமா அதைக் கேட்டு வாங்கிக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் விரித்தார். ஒரு ஆள் நின்று குதிக்கிற அளவுக்கு இரும்பு வளையம். அதற்குள் சுற்றிலும் ஸ்பிரிங் மாட்டி இழுத்துக் கட்டிய கறுப்புத் துணி. அடியில் ஆறு கால். ஒரு காலுக்கு ரப்பர் மூடி இல்லாததால் அப்பா பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டினார். தவளைத் தட்டு என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது. தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். மாமா போனில் கூப்பிடும்போதெல்லாம் இதையே கேட்பார்.

"நடக்கிறியாக்கா?"

"விடியறதுக்கு முன்ன கிரைண்டர் போட்டா பொழுது சாயற வரைக்கும் மாவு, சோறு, இவன் ஸ்கூலு. நான் எங்கடா போய் நடக்கிறது? வூட்டுக்குள்ள நடக்கறது கணக்குல சேராதாம்."

எங்கள் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்றோம். கரும்பு அரவைக் காலத்தில் அப்பா ஆலைக்கு டிராக்டர் ஓட்டப் போய்விடுவார். மற்ற நாளில் பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோவார். அரைப்பது முழுக்க அம்மா. அதனால் வீட்டை விட்டு அவளால் நகர முடியாது. ஆனால் கிரைண்டரில் உளுந்து போட்டபிறகு, அது பொங்கி வரும்வரை, அவ்வப்போது தண்ணீர் தெளிப்பதைத் தவிர வேறு வேலையில்லை. அந்த நேரத்தை அம்மா பிடித்துக்கொண்டாள். தட்டை கிரைண்டருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, புடவையைத் தூக்கிச் செருகி, ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்தபடி குதிப்பாள். நடுவில் இறங்கித் தண்ணீர் தெளிப்பாள், மறுபடி ஏறுவாள். உளுந்து பொங்கிவிட்டால் அன்றைக்குக் குதித்தது போதும். கிரைண்டர் சத்தத்தில் ஸ்பிரிங் கிறீச்சிடுவது தெருவுக்குக் கேட்காது என்பது அவளுக்கு இன்னொரு நிம்மதி. பிள்ளை பெற்றவள் குதிக்கிறாள் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற கூச்சம்.

எனக்கு நிம்மதி என்பதே கிடையாது. நான் பிறவியிலேயே பயப்படுகிறவன். கேஸ் ட்யூபை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். கிரைண்டர் வயரை அம்மா ஈரக் கையால் தொட்டால் ஓடிப்போய் சுவிட்சை அணைப்பேன். அவள் குதிக்க ஆரம்பித்ததும் மின்விசிறி தலையில் இடிக்குமோ, ஸ்பிரிங் தெறித்துக் கண்ணில் படுமோ என்று வாசற்படியிலேயே நின்றிருப்பேன். அதே சமயம் ஒரு நாள் அவள் குதிக்காமல் விட்டாலும் பயம். அதற்குக் காரணம் பாய் வீட்டுத் தாத்தா.

பாய் வீடு எங்கள் சுவரை ஒட்டியது. கடைவீதியில் அவர்களுக்குப் பாத்திரக் கடை. அந்த வீட்டு மருமகளைத்தான் நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவருடைய மாமனாருக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சர்க்கரையில் எடுத்துவிட்டார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். சர்க்கரை வந்தால் காலை ஏன் எடுக்கிறார்கள் என்று அவள் சொல்லவில்லை. நடக்காமல் இருந்தால் எடுத்துவிடுவார்கள்போல என்று நானாகவே முடிவுகட்டிக்கொண்டேன். அதனால் கிரைண்டர் ஓட ஆரம்பித்ததும் "ஏறும்மா, ஏறும்மா" என்று நச்சரிப்பேன். "இவன் ஒருத்தன், டாக்டருக்கு மேல" என்று திட்டிக்கொண்டே ஏறுவாள்.

அந்தக் கோடை விடுமுறையில் நான் ஆறாவது முடித்திருந்தேன். மாமாவும் அத்தையும் ஊருக்கு வந்திருந்தார்கள். வருடத்துக்கு வேண்டிய மிளகாயை வாங்கி மாடியில் காயப்போடுகிற வேலை நடந்தது. அத்தைக்குச் சும்மா இருக்க முடியாது. தவளைத் தட்டைப் பார்த்தாள். கறுப்புத் துணி வெயிலை இழுக்கும், அடியில் காற்றும் போகும் என்று அதை மாடிக்குத் தூக்கிப்போய்த் துடைத்து, மிளகாயைப் பரப்பிவிட்டாள். அவள் சொன்னது சரிதான். தரையில் கிடந்த மிளகாய் இன்னும் துவண்டு கிடக்க, தட்டில் போட்டது மத்தியானத்துக்குள் சலசலவென்று ஆகிவிட்டது.

சாப்பிட்டு முடித்த நேரத்தில் கல்வராயன் மலைப் பக்கம் இடித்தது. மேகம் மலைமேல் கறுத்துக் கட்டியிருந்தது. மிளகாய் நனைந்தால் போயிற்று என்று எல்லோரும் சாக்கோடு மேலே ஓடினோம். சாப்பிடுகிற பொருள் காயும் இடத்தில் எங்கள் வீட்டில் செருப்பு போட மாட்டோம். எல்லோருக்கும் வெறுங்கால். சுடுகிற தரையில் ஈரச் சாக்கு விரித்து, அதன்மேல் தாவித் தாவி மிளகாயை அள்ளினோம். தும்மல் ஒரு பக்கம். அள்ளி முடித்தபோது மேகம் மலையோடு நின்றுவிட்டது. எங்கள் தலைமேல் வெயில் அப்படியே இருந்தது.

மாமா காலித் தட்டில் கையை வைத்துவிட்டு எடுத்தார். "யப்பா. தோசக்கல்லு மாதிரி இருக்குது."

"அதான் மொளகா காஞ்சிச்சி. ஒங்க அக்காவுக்கு ஆவுதோ இல்லியோ, மொளகாக்கு ஆவுது" என்றாள் அத்தை.

மாமாவுக்கு விளையாட்டுப் புத்தி கிளம்பிவிட்டது. "இதுல வெறுங்காலோட அம்பது குதி குதிக்கிறவங்களுக்கு ஐநூறு ரூபா. பேச்சு மாற மாட்டேன்."

"மொதல்ல நீ ஏறு மச்சான்" என்றார் அப்பா.

மாமா ஏறினார். இரண்டு குதியில் ஈரச் சாக்குக்குத் தாவிவிட்டார். "போட்டி வச்சவன் ஜெயிச்சா நாயமா இருக்காது, அதான் எறங்கிட்டேன்."

அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். மூன்று. "ஐநூறுக்கு ஆசப்பட்டு ஐயாயிரத்துக்கு வைத்தியம் பாக்க முடியாதுப்பா" என்று காலைத் தேய்த்தார். நான் ஒரே குதி. உள்ளங்காலில் சூடும், மிளகாய் எரிச்சலும் சேர்ந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தை கிட்டேயே வரவில்லை.

"தள்ளுங்க. தெனம் குதிக்கிறவ நானு, வேடிக்க பாத்துக்கினு நிக்கிறேன்" என்று அம்மா வந்தாள்.

ஏறினாள். குதித்தாள். மாமா எண்ண ஆரம்பித்தார். பத்து வரையில் சிரித்துக்கொண்டு எண்ணினார். இருபதுக்குமேல் அவர் குரலில் ஆச்சரியம் வந்துவிட்டது. அம்மாவின் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பிடித்துக்கொள்ள ஜன்னல் கம்பி இல்லாததால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குதித்தாள். நான்கு சுவருக்குள், கிரைண்டருக்குப் பக்கத்தில், திருட்டுத்தனமாகக் குதித்துப் பார்த்த அம்மாவை வெட்டவெளியில் அன்றுதான் பார்த்தேன். அவள் எழும்பும்போது பின்னால் இருந்த மலை அவள் தோளுக்குக் கீழே இறங்கும். அவள் இறங்கும்போது மலை எழும்பும். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டியும் நிறுத்தவில்லை.

"கச்சிராயபாளையத்துக் காலுடா இது" என்றார் அப்பா. "கரும்புக் கட்ட குத்திக் குத்தி மாட்டுக் கொளம்பு ஆயிடுச்சி."

அம்மா பிறந்த ஊர் அது. கரும்பு வெட்டிய வயலில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்தவள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் யாருக்கும் வேறு காரணம் தேவைப்படவில்லை.

பக்கத்து மாடியில் பாய் வீட்டு அக்கா துணியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"காலு சுடலியாக்கா ஒங்களுக்கு?"

"சுட்டா எனக்குத் தெரியாதாம்மா?" என்று அம்மா குதித்தபடியே சொன்னாள். எல்லோரும் சிரித்தோம்.

"எறங்குங்கக்கா. எறங்கிக் காலைக் கொஞ்சம் பாருங்க."

"பொறாமடி ஒனக்கு" என்றாள் அம்மா. ஆனாலும் இறங்கினாள். காலைப் பார்க்கவில்லை. மாமாவிடம் கையை நீட்டினாள். மாமா சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "சம்பளம் வரட்டும்க்கா."

"வட்டியோட வாங்குவேன்."

சாயங்காலம் பாய் வீட்டு அக்கா மாவு வாங்க வந்தவர், போகாமல் நின்று, காலைக் காட்டச் சொன்னார். வரிசையில் இன்னும் மூன்று பேர் கிண்ணத்தோடு நின்றார்கள். "இன்னா நீ, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்த மாதிரி" என்று அம்மா அவரை அனுப்பிவிட்டாள்.

அன்று நான் எதற்கும் பயப்படவில்லை. கேஸ் ட்யூபை முகரக்கூட மறந்துவிட்டேன். சுடுகிற தட்டில் ஐம்பது குதி குதித்தாலும் சுடாத கால் எங்கள் அம்மாவுடையது. அதை யார் வந்து எடுத்துவிட முடியும்? பாய் வீட்டுத் தாத்தாவின் கால் சாதாரணக் கால். இது வேறு. இப்படி நினைத்துக்கொண்டு தூங்கினேன். எனக்கு நினைவு தெரிந்து நான் நிம்மதியாகத் தூங்கியது அன்றுதான்.

அம்மா மறுநாளும் விடிவதற்குமுன் எழுந்து கிரைண்டர் போட்டாள். குதித்தாள். நாள் முழுக்க ஈரத்தரையில் நின்றாள். அந்த வாரக் கடைசியில் கூடத்தில் அங்கங்கே பிசுபிசுவென்று ஒரு ஈரத் தடம் இருந்தது. மாவுத் தண்ணீர் என்று நினைத்து நானே துடைத்தேன். அது அம்மாவின் வலது கால் போகும் வழியில் மட்டும் இருந்ததை நான் கவனித்தேன். ஆனால் அதிலிருந்து எதையும் யோசிக்கவில்லை. கடைசியில் கண்டுபிடித்தது பாய் வீட்டு அக்காதான். மாவு வாங்க வந்தவர் வாசற்படியில் கறையைப் பார்த்துவிட்டு, கேட்காமலே உட்கார்ந்து அம்மாவின் காலைத் தூக்கி மடியில் வைத்துத் திருப்பினார். கட்டைவிரலுக்கு அடியில் தோல் மொத்தமும் உரிந்து, புண் ஆழமாக உள்ளே போயிருந்தது.

"இது எப்பம்மா வந்துச்சி?" என்று அம்மாதான் அவரைக் கேட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். விடுமுறை என்பதால் என்னையும் கூட்டிப்போயிருந்தார்கள். டாக்டர் அம்மாவைப் படுக்கவைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றை எடுத்து, புண் இல்லாத இடது உள்ளங்காலில் அங்கங்கே தொட்டார்.

"எங்க தொடறேன் சொல்லுங்க."

அம்மா கண்ணை மூடியபடி, அவர் தொடுவதற்காகக் காத்திருந்தாள்.

"இப்ப?"

"இன்னும் தொடலீங்களே" என்றாள் அம்மா.

நான் தலைமாட்டில் நின்றிருந்தேன். பரீட்சையில் எனக்கு விடை தெரியாமல் நிற்கும்போது எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. அம்மா தோற்கிறாளே என்று பொறுக்கவில்லை. குனிந்து அவள் காதில் சொன்னேன். "சுண்டு வெரலும்மா. சுண்டு வெரலுன்னு சொல்லு."

"சுண்டு வெரலுங்க" என்றாள் அம்மா.

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அந்த நரம்பை மேசையில் வைத்துவிட்டு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். விடை சொல்லிக்கொடுத்தது தப்பு, அதனால்தான் அம்மாவை ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்துவிட்டார்கள் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மாமா சென்னையிலிருந்து வந்தார். வராந்தாவில் அப்பா அவரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

வலது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். அதோடு நின்றது. இன்றைக்கும் அம்மா இருக்கிறாள். சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கிற மெத்துமெத்தென்ற செருப்புதான் வீட்டுக்குள்ளும். குதிப்பதை அவள் விடவில்லை. புண் முழுக்க ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு, கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்து, மெதுவாக ஏறினாள். தவளைத் தட்டு மாடிக்குப் போவதில்லை. நான் பத்தாவது பாதியில் படிப்பை விட்டு மாவு வேலைக்கே வந்துவிட்டேன். இப்போது எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். உளுந்து பொங்கும்வரை சில நாள் நானும் அதில் குதிக்கிறேன். காலையில் அம்மா காலை நீட்டினால் விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுத்தான் கிரைண்டர் போடுவேன். "இவன் ஒருத்தன்" என்று இப்போதும் திட்டுகிறாள். சுடுவதும் குத்துவதும் தெரியாமல் போவதுதான் அந்த நோய் என்று, கால் வலிமையாக இருந்ததால் அல்ல, கால் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்ததால்தான் அவள் ஜெயித்தாள் என்று, நானாகப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆனது.

அதுவரைக்கும் நான் செய்துகொண்டிருந்த வேலை ஒன்று உண்டு. மாமா பொங்கலுக்கு வந்தாலும் தீபாவளிக்கு வந்தாலும், எல்லோர் முன்னாலும், "மாமா, அம்மா ஜெயிச்ச காசு எங்க?" என்று கேட்பேன். அம்மா என் தொடையைக் கிள்ளுவாள். மாமா எழுந்து வெளியே போய்விடுவார். சரியான கஞ்சன் என்று நினைத்துக்கொள்வேன். அந்தக் கஞ்சன்தான் ஆஸ்பத்திரிச் செலவில் பாதியைக் கட்டினார். புது கிரைண்டர் வாங்கித் தந்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அம்மாவுக்குச் செருப்பு அவர்தான் அனுப்புகிறார். ஆனால் அந்தப் பணத்தை மட்டும் எடுத்து அவள் கையில் வைக்க அவருக்கு இன்றுவரை கை வரவில்லை. அம்மாவும் கேட்டதில்லை. நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

ஐநூறு ரூபாய். இன்னும் பாக்கி.