சாம்பல் நிறப் பிள்ளையார்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு டவுன் பஸ் நிற்கிறது. நீளம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. தென்னேரிக்குப் போகிற பஸ்ஸைப் பார்த்துப் பார்த்துச் செய்தது. உடம்பைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டிவிடலாம். சீட்டும் டயரும் முகப்பு விளக்கும்தான் உயிரை வாங்கும், ஏனென்றால் அவை எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கவேண்டும். அதனால் ஒரே ஒரு சீட்டைக் கையால் செதுக்கி, அதன்மேல் சிலிக்கான் ஊற்றி, அது ரப்பர்போல இறுகியதும் சீட்டை உருவி எடுத்துவிடுவேன். உள்ளே மிஞ்சுகிற பள்ளம்தான் அச்சு. அதில் இறுகிப் பிளாஸ்டிக்காகிற ரெசினை ஊற்றினால் வேண்டிய மட்டும் சீட்டு வரும்.

வாரம் முழுக்கப் பட்டு நெய்கிறவன் ஞாயிற்றுக்கிழமை பஸ் சீட்டு வார்க்கிறான் என்று தெருவில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் என்ன கிழிக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும்.

என் மனைவியின் கேலி மட்டும் எனக்குப் பிடிக்கும். "இன்னாங்க, இந்த பஸ்ஸு எப்போ கெளம்பும்? நானும் எவ்ளோ நாளா ஸ்டாப்புல நின்னுக்கினு இருக்கிறேன்" என்பாள். சிலிக்கானில் குமிழி விழாமலிருக்க உயரத்திலிருந்து மெல்லிய இழையாக ஊற்றவேண்டும். அதைப் பார்த்தால், "தறியிலதான் நூலுன்னா இங்கியும் நூலா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். மாவு கரைக்கிற கிண்ணத்தை நான் ரெசின் கலக்க எடுத்துக்கொண்டதற்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை.

சிலிக்கானுக்கு ஒரு குணம் உண்டு. எதையும் விட்டுவைக்காது. நம் கண்ணுக்குத் தப்பிய கீறலும் ஒட்டிக்கிடந்த தூசியும் அதற்குத் தப்பாது. ஒருமுறை பஸ்ஸின் முகப்பை வார்த்துச் சாம்பல் நிறச் சாயம் அடித்துப் பார்த்தேன். அந்த நிறத்தில்தான் குறைகள் பளிச்சென்று தெரியும். நட்டநடுவில் என் கைரேகை. அந்த அச்சில் வார்த்த அத்தனையிலும் அதே ரேகை. வந்த கோபத்தில் எல்லாவற்றையும் முற்றத்தில் வீசினேன். அவள்தான் பொறுக்கிக்கொண்டு வந்தாள். "யாரு செஞ்சதுன்னு தெரிய வேணாமா? இருக்கட்டும், உடுங்க" என்றாள்.

சேலையின் நெடுக்கு நூலான புதுப் பாவைத் தறியில் பிணைத்ததும், முதல் இழை போடுவதற்கு முன்னால், எங்கள் வீட்டில் மஞ்சள் பிள்ளையார் வைப்போம். அதைப் பிடிப்பது அவள் வேலை. மஞ்சள் தூளைக் கெட்டியாகப் பிசைந்து வலது கையால் ஒரே பிடி பிடிப்பாள். பிறகு பெருவிரலால் முன்பக்கம் ஓர் அழுத்து அழுத்துவாள். அந்தப் பள்ளத்தில் குங்குமம், தலையில் அறுகம்புல். மறுநாள் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றிவிடுவோம். இந்த அச்சு வேலையை நான் கற்றுக்கொண்ட புதிதில், கரைக்க வைத்திருந்த பிள்ளையாரின்மேல்தான் முதன்முதலாகச் சிலிக்கான் ஊற்றிப் பார்த்தேன். இறுகியபின் உள்ளே இருந்த மஞ்சளைத் தண்ணீர் விட்டுக் கழுவிச் செடிக்கே ஊற்றினேன். பிறகு ரெசினில் ஒரு பிள்ளையார் வார்த்து அவளிடம் நீட்டினேன். இனி ஒவ்வொரு தடவையும் பிடிக்கவேண்டாம், இதையே வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

அவள் வாங்கவேயில்லை. "கரையாத சாமிய எங்கங்க கொண்டுபோய் உடறது? வந்தவரு போவ வேணாமா?" என்றாள். அந்தப் பிள்ளையாரை பஸ்ஸுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தேன்.

போன ஆடியில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலும் மெல்லத் தேறியது. வலது கைதான் வரவில்லை. என் தறியில் சேலைக்குக் கரை சேர்த்து நெய்ய இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாவை ஓட்டவேண்டும். கல்யாணமானதிலிருந்து அந்த இடம் அவளுடையது. இப்போது அங்கே அடுத்த தெரு ஆள் ஒருவர் உட்கார்ந்தார். நல்ல வேலைக்காரர்தான், ஆனால் அவர் இருமினால்கூட எனக்கு எரிச்சலாக வந்தது.

கையில் வைத்து அழுத்தச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். கொஞ்சநாள் அழுத்தினாள். விரல் மடங்கவே இல்லை. ஒருநாள் இடது கையால் அந்தப் பந்தை எடுத்து, நெய்கிறவர் கால் விட்டு உட்காரும் தறிக்குழியில் போட்டுவிட்டு, "இது என் கையே இல்ல. யாரோ கொண்டாந்து மாட்டிட்டுப் போயிட்டாங்க" என்றாள். நான் கத்தினேன். கத்திவிட்டு வெளியே போய் நின்று அழுதேன். அதற்குப் பிறகு அந்தப் பந்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.

தை மாதத்தில் புதுப் பாவு வந்தது. பிள்ளையார் பிடிக்கச் சொல்லி அவளைக் கஷ்டப்படுத்துவானேன் என்று நினைத்தேன். நானே மஞ்சளைப் பிசைந்து, பழைய அச்சுக்குள் வைத்து அழுத்தி எடுத்தேன். அப்படியே வந்தது. அவளுடைய பிடி, அவளுடைய பெருவிரல் பள்ளம், கல்யாணமான புதிதில் அரிவாள்மணை வெட்டி அந்த விரலின் குறுக்கே விழுந்த தழும்புகூட. ரெசின் இல்லை, மஞ்சள்தான், கரையும். சந்தோஷப்படுவாள் என்று அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

அந்தப் பெருவிரல் பள்ளத்தைப் பார்த்தாள்.

"அச்சு இருக்குது. இனிமே நான் எதுக்கு?" என்றாள்.

எனக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. அதைத் தண்ணீரில் போட்டுக் கரைத்துவிட்டு, மஞ்சள் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்திவைத்தேன். "நல்ல நேரம் போவுதும்மா" என்று மட்டும் சொன்னேன்.

அவள் மஞ்சளை எடுத்தாள். செயலற்றுக் கிடந்த வலது கையை மடியில் நிமிர்த்திவைத்து, அதன்மேல் உருண்டையை வைத்து, இடது கையால் சுற்றிச் சுற்றிப் பிடித்தாள். பிள்ளையார் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். முன்பக்கத்தில் பள்ளம் இல்லை. குங்குமத்தை நெற்றியில் ஒட்டிவைத்தோம். தறி ஓடியது. "சோத்தாங்கைய சும்மா பேருக்கு வெச்சிக்கினேன், அவ்ளோதான். எல்லாம் பீச்சாங்கை பண்ணது" என்று நாடா போட வந்த ஆளிடம் சொன்னாள்.

மறுநாள் கரைக்கப்போகும்போது கேட்டேன். "இதையும் ஒரு அச்சு எடுத்துக்கட்டுமா?"

"கோணலா இருக்கிறத எடுத்து இன்னா பண்ணப்போறீங்க?"

"எனக்கு வேணும்" என்றேன். உண்மையிலேயே வேண்டியிருந்தது. அவள் பிடித்தது, அவ்வளவுதான் காரணம். தலையை ஆட்டினாள்.

சிலிக்கான் ஊற்றினேன். இறுகியதும் மஞ்சளைக் கழுவிச் செடிக்கு ஊற்றினேன். ரெசின் வார்த்து, பழக்க தோஷத்தில் சாம்பல் நிறச் சாயம் அடித்தேன். காய்ந்ததும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில், மஞ்சளாக இருந்தபோது எங்கள் இருவர் கண்ணுக்கும் படாத ஒன்று தெரிந்தது. ஆழமே இல்லாத ஒரு பெருவிரல் பதிவு. அதன் குறுக்கே ஒரு கோடு.

அந்தத் தழும்பு வலது பெருவிரலில் மட்டும்தான் உண்டு. கை சும்மா கிடந்திருந்தால் உள்ளங்கைதான் பட்டிருக்கும். விரல் மடங்கி வந்து அழுத்தியிருக்கிறது.

உள்ளே போய் அதை அவள் இடது கையில் வைத்து, அந்த இடத்தைக் காட்டினேன். அவள் விரலால் தடவிப் பார்த்தாள். தழும்பின் மேட்டில் விரல் நின்றது. மடியில் கிடந்த வலது கையைத் தூக்கி, அந்தப் பெருவிரலை உற்றுப் பார்த்துவிட்டு, மறுபடியும் சாம்பல் நிறப் பிள்ளையாரைப் பார்த்தாள்.

"இதுவும் கரையாது" என்றேன். "எங்க உடறது?"

"இது சாமி இல்லீங்க. என் கை" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு, "அந்தப் பந்து இன்னும் குழியிலதான் கெடக்குதா, பாருங்க" என்றாள்.

நான் தறிக்குழிக்குள் இறங்கினேன்.